புதிதாகப் பணியேற்கும் ஆசிரியருக்கு: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளைக் கையாளும் முறை

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகப் பட்டதாரி ஆசிரியராக நியமனம் பெற்று, ஓர் அரசு நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ பணியேற்கும் ஒருவருக்குத் தம் பாடம் நன்றாகத் தெரிந்திருக்கும்; பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் சென்று வந்த அனுபவமும் இருக்கும். ஆனால் அந்தப் பயிற்சிக் காலத்தில் அவர் நின்று பாடம் நடத்தியது வேறோர் ஆசிரியர் ஏற்கெனவே பழக்கி வைத்திருந்த வகுப்பில். அந்த ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அல்லது பக்கத்து அறையில் இருந்தார். பிள்ளைகள் அடங்கியிருந்ததற்கு அவரே காரணம் என்பது அப்போது புலப்படுவதில்லை. தமக்கென்று ஒரு வகுப்பு கிடைத்த முதல் வாரத்தில்தான் அது புலப்படுகிறது.

இங்கே சொல்லப்படுவது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியருடன் நாள் முழுவதும் இருந்து பழகிய குழந்தைகள், ஆறாம் வகுப்பில் 40 அல்லது 45 நிமிடத்துக்கு ஒரு முறை ஆசிரியர் மாறுவதைப் பார்க்கிறார்கள். மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் வகுப்பு கலைந்து மறுபடியும் கூடுகிறது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளுக்கு 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்திருந்தாலும், சில பள்ளிகளில் அறைக்குள் அதைவிடக் கூடுதலாகவே இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்துச் செல்வது நல்லது.

வகுப்பறைக் குழப்பம் பெரும்பாலும் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பிறப்பதில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்கு இடையிலுள்ள இரண்டு, மூன்று நிமிடங்களில்தான் பிறக்கிறது: நோட்டுப் புத்தகம் திருப்பிக் கொடுக்கும்போது, கரும்பலகையில் ஆசிரியர் முதுகைக் காட்டி எழுதும்போது, முதலில் எழுதி முடித்தவர்கள் சும்மா இருக்கும்போது. அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கூனின், வகுப்புகளைக் காணொளியாகப் பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ இதுவே. ஒழுங்கான வகுப்பை நடத்திய ஆசிரியர்களும் குழப்பமான வகுப்பை நடத்தியவர்களும், தவறு நடந்த பிறகு கண்டித்த விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. தவறு நடப்பதற்கு முன்பே வகுப்பை எப்படி நகர்த்திக்கொண்டு போனார்கள் என்பதில்தான் வேறுபட்டார்கள். எனவே கண்டிப்பதைப் பற்றிக் குறைவாகவும், அந்த இடைவெளிகளை நிரப்புவதைப் பற்றி அதிகமாகவும் இக்கட்டுரை பேசும்.

அதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை உடலளவில் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் வழி செய்கிறது. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவது, சக மாணவர் முன் இழிவாகப் பேசுவது ஆகியவை எல்லாம் இதற்குள் அடங்கும். ‘அடிக்காமல் எப்படி சார் முடியும்?’ என்று பணியறையில் மூத்தவர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அவரோடு வாதாட வேண்டாம். அடிக்கக் கூடாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். நிறைவேற்ற முடியாத மிரட்டலை நம்பி நடக்கும் வகுப்பு நீடிக்காது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளி திறப்பதற்கு முன்

பணியேற்ற நாளுக்கும் முதல் வகுப்புக்கும் இடையே ஒரு நாள் கிடைத்தாலும் அதை அறையில் செலவிடுங்கள். காலை பத்து மணிக்கு எந்தச் சன்னல் வழியாக வெயில் கரும்பலகை மேல் விழுந்து எழுத்தை மறைக்கிறது, எந்த பெஞ்சு ஆடுகிறது, எந்த மின்விசிறி ஓடவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் பலகையின் கீழ்ப்பகுதி தெரிகிறதா என்பதையெல்லாம் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பலகையின் கீழ்க்கால் பகுதி தெரியாத அறைகள் நிறைய உண்டு. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு பேச்சை உண்டாக்கும்.

அடுத்து, வருகைப் பதிவேட்டை வாங்கிப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால், யாரை எப்படி அழைக்கப் போகிறீர்கள் என்று முன்பே தீர்மானியுங்கள்; முதலெழுத்தோடு சேர்த்து அழைப்பது போதும். ‘குண்டு கார்த்திக்’, ‘கறுப்பு கார்த்திக்’ என்று பிள்ளைகளே வைத்திருக்கும் அடையாளத்தை ஆசிரியரும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்துவிடுவது, இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லா உத்திகளையும்விடப் பயனுள்ளது என்பது என் கருத்து. ‘ஏய், மூணாவது பெஞ்ச்’ என்று அழைத்தால் அந்த பெஞ்சில் உள்ள நால்வரும் திரும்பிப் பார்ப்பார்கள். பெயர் சொன்னால் ஒருவர்தான் திரும்புவார்.

சென்ற ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தவரிடம் பேசும்போது, யாருக்குப் பார்வைக் குறைபாடு, யாருக்கு வலிப்பு அல்லது ஆஸ்துமா, யாருடைய பெற்றோர் வெளியூரில் வேலை செய்கிறார்கள், யார் பாட்டி வீட்டில் வளர்கிறார் என்று கேளுங்கள். அவர் தாமாகவே ‘இந்த அஞ்சு பேர்கிட்ட ஜாக்கிரதையா இருங்க’ என்று ஒரு பட்டியலும் தருவார். கேட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் முதல் மாதத்தில் அதை வைத்து எதையும் செய்யாதீர்கள். கோடை விடுமுறைக்குள் பன்னிரண்டு வயதுப் பையன் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடுவது உண்டு.

யார் எங்கே உட்கார்வது

பிள்ளைகளை அவரவர் விருப்பப்படி உட்கார விட்டால், தெருவும் சாதியும் அப்படியே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. புதிய ஆசிரியர் முதல் நாளிலேயே அகரவரிசையைப் பயன்படுத்தினால் இரண்டு நன்மைகள் உண்டு: யாரை எங்கே போட்டீர்கள் என்பதற்கு யாரும் உள்நோக்கம் கற்பிக்க முடியாது; பதிவேட்டின் வரிசையும் பெஞ்சின் வரிசையும் ஒன்றாக இருப்பதால் பெயர்களை மனப்பாடம் செய்வதும் எளிதாகும்.

பார்வைக் குறைபாடோ கேட்கும் திறன் குறைபாடோ உள்ளவர்களை மட்டும் முன்னே மாற்றுங்கள். மாதம் ஒரு முறை வரிசைகளைச் சுழற்றுங்கள், இல்லாவிட்டால் ‘கடைசி பெஞ்சு’ என்பது சிலருக்கு நிரந்தரப் பெயராகிவிடும். வரிசைகளுக்கிடையே நீங்கள் நடந்துபோக வழி இருக்க வேண்டும். பைகளை நடைவழியில் போட விடாமல் பெஞ்சுக்கு அடியில் தள்ளச் சொல்வதை முதல் நாளே தொடங்குங்கள். ஆசிரியர் போய்ச் சேர முடியாத மூலை ஒன்று இருந்தால் அங்கே தனி வகுப்பு ஒன்று நடக்கும்.

முதல் பாடவேளை

மணி அடித்ததும் வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் உள்ளே இருந்தாலும், நீங்கள் வாசலில் ஒரு நொடி நின்று அறையை ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளே நுழைவது நல்லது. ‘வணக்கம் ஐயா’ என்றோ ‘குட்மார்னிங் சார்’ என்றோ நீட்டி முழக்கி எழுவார்கள். பதில் வணக்கம் சொல்லி உட்காரச் சொல்லுங்கள். பெயரையும் பாடத்தையும் பலகையில் எழுதுங்கள். உங்கள் ஊர், படிப்பு, குடும்பம் பற்றிய கதையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு உடனே ஒரு சிறு வேலை கொடுங்கள். கணக்கு ஆசிரியர் என்றால், ஐந்தாம் வகுப்பு அளவில் ஐந்து எளிய கணக்குகள். தமிழாசிரியர் என்றால், விடுமுறையில் நடந்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி. அறிவியல் ஆசிரியர் என்றால், வீட்டு அடுப்படியில் நடக்கும் மாற்றங்களில் மூன்றைப் பட்டியலிடுதல். அவர்கள் எழுதும் பத்து நிமிடத்தில் நீங்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, யார் எழுதுகிறார், யார் பக்கத்தில் பார்க்கிறார், யார் பேனாவை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துவிடலாம். இந்த ஆசிரியர் வந்தால் வேலை இருக்கும் என்ற எண்ணமும் அவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்திலேயே ஏற்பட்டுவிடும்.

முதல் பாடவேளை முழுவதையும் ஒழுக்கம் பற்றிய உரையாக ஆக்கிவிடுபவர்கள் உண்டு. அதே நாளில் அந்தப் பிள்ளைகள் இன்னும் நான்கைந்து ஆசிரியர்களிடம் அதே உரையைக் கேட்கப் போகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அதை எளிதாகத் தவிர்த்துவிடலாம்.

விதிகள் மூன்று போதும். ‘செய்யாதே’ என்பதாக இல்லாமல் ‘செய்’ என்பதாக அவை அமையட்டும்: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம், கை தூக்கிவிட்டுப் பேசுவோம், பிறர் பொருளைக் கேட்டு எடுப்போம். இவற்றை இரண்டாவது அல்லது மூன்றாவது நாள், ஏதேனும் ஒரு சந்தர்ப்பம் வரும்போது சொன்னால் போதும். பத்து விதிகளை அட்டையில் எழுதி மாட்டினால் ஆகஸ்டில் அதன் மேல் ஒட்டடை படிந்திருக்கும்.

முதல் இரண்டு வாரங்கள்: நடைமுறைகளைப் பழக்குதல்

புதியவர்கள் குறைவாகவும் அனுபவமுள்ளவர்கள் அதிகமாகவும் நேரம் செலவிடுவது இந்தப் பகுதியில்தான். வகுப்பில் தினமும் நடக்கும் ஒவ்வொரு சிறு செயலையும் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்து, செய்ய வைத்துப் பார்த்து, சரியாக வரும்வரை திரும்பச் செய்ய வைக்க வேண்டும். நேரம் வீணாவதுபோல் தோன்றும். ஆனால் நோட்டு சேகரிப்பதில் தினமும் ஐந்து நிமிடம் போகிறது என்றால், 40 நிமிடப் பாடவேளையில் எட்டில் ஒரு பங்கு போகிறது.

எடுத்துக்காட்டாக, ஆறாம் வகுப்பில் ‘எழுதுங்கள்’ என்று நீங்கள் சொன்னவுடன் என்ன நடக்கும் என்று பாருங்கள். ‘சார், புதுப் பக்கமா?’ என்று ஒரு குரல். ‘மார்ஜின் போடணுமா சார்?’ ‘தலைப்பு கறுப்பு பேனாவா, நீலமா?’ ‘சார், ரஃப் நோட்டா, ஃபேர் நோட்டா?’ ‘கேள்வியும் எழுதணுமா, பதில் மட்டுமா?’ ‘சார், இவன் என் ஸ்கேலை எடுத்துட்டான்.’ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினால், முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டவர் அதையே மறுபடியும் கேட்பார். இந்தக் கேள்விகளைக் குறும்பு என்று நினைத்துச் சினம் கொள்வது தவறு. ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார், இப்போது ஐந்து ஆசிரியர்களிடம் ஐந்து வழக்கம் இருக்கிறது, தவறாக எழுதிப் பக்கத்தைக் கிழிக்க வேண்டி வருமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள்.

இதற்கு வழி, கரும்பலகையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு கட்டம் வரைந்து, வகுப்புக்குள் நுழைந்தவுடன் அதில் நான்கு விவரங்களை எழுதிவிடுவது: தேதி, எந்த நோட்டு, புதுப் பக்கமா தொடர்ச்சியா, தலைப்பு. இரண்டு வாரம் விடாமல் எழுதினால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டு அந்த மூலையைப் பார்க்கத் தொடங்குவார்கள். மறந்துபோய்க் கேட்பவருக்கு வாயால் பதில் சொல்லாமல் மூலையைக் கை காட்டுங்கள்.

நோட்டு சேகரிப்பதற்கும் இப்படியே ஒரு முறை வேண்டும். எல்லோரும் எழுந்து மேசைக்கு வந்தால் அங்கே ஒரு நெரிசல், தள்ளல், பிறகு ‘சார், தள்ளிவிட்டுட்டான்’ என்ற வழக்கு. சன்னலோரம் இருப்பவர் பக்கத்தவரிடம் கொடுக்க, அவர் அடுத்தவரிடம் கொடுக்க, நடைவழியோரம் இருப்பவரிடம் பெஞ்சின் எல்லா நோட்டுகளும் சேர வேண்டும். பிறகு நடைவழியில் பின்னிருந்து முன்னுக்கு நகர வேண்டும். எழுதி முடித்த பக்கத்தைத் திறந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அதே நிலையில் அடுக்கி அனுப்பப் பழக்கினால், திருத்த உட்காரும்போது பக்கத்தைத் தேடும் வேலையும் மிச்சம். திருப்பிக் கொடுப்பதும் அதே வழியில், பெஞ்சு வாரியாக.

தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்பது புதிய ஆசிரியரை அதிகம் குழப்பும். ஒருவர் கேட்டு அனுப்பினால் அடுத்த நிமிடம் ஐந்து கைகள் எழும். ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை மறுக்கவே கூடாது. குறிப்பாக ஏழு, எட்டாம் வகுப்பு மாணவிகள் காரணம் சொல்லத் தயங்குவார்கள், ஆண் ஆசிரியரிடம் சொல்லவே மாட்டார்கள். காரணம் கேட்காமல் அனுப்புங்கள். ஒரே ஒரு மர அட்டையையோ பழைய டஸ்டரையோ வாசலருகே மாட்டி, அதை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து மாட்டிய பிறகே அடுத்தவர் போகலாம் என்று வைத்தால், நீங்கள் பாடத்தை நிறுத்தி அனுமதி தர வேண்டிய தேவையே எழாது. அவசரம் என்றால் அட்டை இல்லாமலும் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியை பெஞ்சிலேயே வைத்துக்கொள்ளவும், கேட்காமல் குடிக்கவும் அனுமதித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஜூன் மாத வெயிலில் அதை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

முன்னதாக முடித்தவர்களுக்கு என்ன வேலை என்பதையும் முன்கூட்டியே வைத்திருங்கள். பலகையில் கடைசியாக ஒரு கூடுதல் கணக்கு, அல்லது ஒரு புதிர், அல்லது சன்னல் திட்டில் வைத்திருக்கும் பத்துப் பதினைந்து கதைப் புத்தகங்கள். ‘முடிச்சவங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க’ என்பது எந்தப் பிள்ளையாலும் நிறைவேற்ற முடியாத கட்டளை.

பாடவேளையின் கடைசி மூன்று நிமிடத்தை மணி அடிப்பதற்கு விட்டுவிடாதீர்கள். வீட்டுப்பாடத்தை மணி அடித்த பிறகு கத்திச் சொன்னால் பாதிப் பேர் காதில் விழாது. மறுநாள் ‘சொல்லவே இல்ல சார்’ என்பார்கள், அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கும். மூன்று நிமிடம் முன்பே எழுதச் சொல்லி, கீழே கிடக்கும் காகிதத்தை எடுக்கச் சொல்லி, அடுத்த பாடத்துக்கான புத்தகத்தை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் ஆசிரியர் உங்களை வாழ்த்துவார்.

அமைதியை வரவழைத்தல்

மேசையை அளவுகோலால் தட்டுவதும், ‘சைலன்ஸ்’ என்று கத்துவதும் முதல் வாரம் வேலை செய்யும். இரண்டாம் வாரம் இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். ஆடி மாதம் வருவதற்குள் தொண்டை கட்டிவிடும். அதற்குப் பதில் ஒரு குறியைப் பழக்குங்கள்: நீங்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில், பலகைக்கு இடப்புறம் என்று வைத்துக்கொள்வோம், நின்று கையை உயர்த்துகிறீர்கள், பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திக் கையை உயர்த்த வேண்டும், எல்லாக் கையும் உயர்ந்த பிறகே நீங்கள் பேசத் தொடங்குகிறீர்கள். முதல் முறை ஒரு நிமிடம்கூட ஆகலாம். அந்த ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் காத்திருப்பதுதான் கடினம். நான்கு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களுக்கு மேலே குரலை உயர்த்திப் பாடத்தைத் தொடங்கினால், ஆசிரியர் பேசும்போது பேசலாம் என்பதை நீங்களே கற்பித்ததாகும்.

எல்லாச் சத்தமும் குழப்பம் என்று எண்ண வேண்டாம். குழுவாக அமர்ந்து ஒரு வரைபடம் வரையும் வகுப்பு ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்துபோகும்போது உங்கள் வகுப்பு சத்தமாக இருந்தது என்று சொன்னால், அன்று என்ன வேலை நடந்தது என்று நோட்டைக் காட்டுங்கள்.

கேள்வி கேட்கும் முறையிலும் அமைதி இருக்கிறது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோர் எண்ணிக்கை கூடுகிறது என்றும் கண்டறிந்தார். முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மீதி 34 பேரும் தமக்கு விடுதலை என்று எண்ணிக்கொள்வார்கள்.

பலகையில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். இரண்டு வரிக்கு ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

ஒருவர் மட்டும் தொல்லை தரும்போது

படிப்படியாகப் போவதே பாதுகாப்பானது. முதலில் பார்வை. அடுத்து, பாடத்தை நிறுத்தாமலேயே அவர் பெஞ்சருகே போய் நின்று தொடர்வது. பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், அவர் பெயரைப் பாடத்துக்குள் கொண்டு வந்து எளிய கேள்வி ஒன்றைக் கேட்கலாம், அவமானப்படுத்தும் நோக்கமில்லாமல். அதன் பிறகும் தொடர்ந்தால் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்று அவர் கீழ்ப்படிகிறாரா என்று பார்த்தால் அது போட்டியாக மாறும். நண்பர்கள் முன் பதிமூன்று வயதுப் பையன் தோற்க விரும்பமாட்டான். கடைசியாக, ‘மணி அடிச்சதும் என்னைப் பாத்துட்டுப் போ’. தனியே வந்தவரிடம் முதல் கேள்வி ‘ஏன்டா இப்படி?’ என்பதாக இல்லாமல் ‘காலைல சாப்பிட்டியா?’ என்பதாக இருந்தால் பல செய்திகள் வெளிவரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. சென்ற ஆண்டு வரை பள்ளியிலேயே காலையில் சாப்பிட்டவர், ஆறாம் வகுப்புக்கு வந்தபின் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்க நேர்வதைப் பல பள்ளிகளில் பார்க்கலாம்.

பழக்கத்தில் இருக்கும் சில முறைகளைக் கைவிடச் சொல்வேன். ஒன்று, வகுப்புத் தலைவரைப் பலகையருகே நிறுத்திப் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதச் சொல்வது. நண்பன் பெயர் வராது. பிடிக்காதவன் பெயருக்கு எதிரே பெருக்கல் குறிகள் பெருகும். மாலையில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். வகுப்புத் தலைவருக்குச் சுண்ணக்கட்டி எடுத்து வருவது, வராதோர் எண்ணிக்கை சொல்வது போன்ற பொறுப்புகள் போதும், அதுவும் மாதந்தோறும் மாறட்டும்.

இன்னொன்று இம்போசிஷன். ‘இனிமேல் பேசமாட்டேன்’ என்று நூறு முறை எழுதுபவர், முதலில் ‘இனிமேல்’ என்ற சொல்லை நூறு வரியிலும் மேலிருந்து கீழாக எழுதி, பிறகு ‘பேசமாட்டேன்’ என்பதைக் கீழ்நோக்கி எழுதிக்கொண்டு போவார். எழுதுவதை நாம் கற்பிக்க வேண்டிய வேலையாக வைத்துக்கொண்டு, அதையே தண்டனையாகவும் கொடுப்பது பொருந்தாது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும் அப்படியே: பாடம் போகிறது, வெளியே நிற்கும் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பும் உங்களுடையது. ஒருவர் செய்த தவறுக்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது, அதுவரை உங்கள் பக்கம் இருந்தவர்களையும் எதிர்ப்பக்கம் சேர்த்துவிடும்.

பி.டி. பாடவேளையைப் பறிப்பது தனியாகச் சொல்லத்தக்கது. பாடம் முடியவில்லை என்று அதைக் கடன் வாங்குவோர் அதைத் திருப்பித் தருவதே இல்லை. ஓடியாடிய வகுப்பு அடுத்த பாடவேளையில் நன்றாக உட்காரும். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு உங்களுடையது என்றால் இதன் அருமை தெரியும்.

வேலை புரியாததால் வரும் தொல்லை

தொல்லை தருபவர்களின் நோட்டைத் திறந்து பாருங்கள். பாதிப் பேர் பலகையில் உள்ளதைப் படம்போல் பார்த்து வரைந்திருப்பார்கள். படிக்கச் சொன்னால் வராது. 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கும் குழந்தை 2020-21இல் ஒன்றாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவர். கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடியும் திறந்தன. எழுத்து அறிமுகமாக வேண்டிய காலம் அப்படியே போனது. அந்த இழப்பை ஈடுகட்டவே 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அது எல்லோரையும் ஒரே அளவில் கரை சேர்த்துவிடவில்லை.

ஆகவே ஜூலைக்குள் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், பிறர் காதில் விழாத இடத்தில். பிறகு வேலையை இரண்டு அளவில் கொடுங்கள்: பலகையில் ஐந்து வினாக்கள், முதல் இரண்டு எல்லோராலும் முடியக்கூடியவை. ‘இது மெல்லக் கற்போருக்கு’ என்று அறிவித்துக் கொடுத்தால் யாரும் செய்யமாட்டார்கள். எதுவும் புரியாமல் 40 நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க நம்மாலும் முடியாது. பயிற்சிக் கூட்டங்களில் பின்வரிசை ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

பெற்றோரிடம் பேசுவது

முதல் தொலைபேசி அழைப்பு புகாராக இருக்க வேண்டாம். ஜூலை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தியேனும் போயிருந்தால், பிறகு ஒரு குறையைச் சொல்லும்போது அவர்கள் காது கொடுப்பார்கள். ‘பள்ளிக்கூடத்துல இருந்து பேசறேங்க’ என்றவுடன் மறுமுனையில் ‘என்ன பண்ணித் தொலைச்சான்?’ என்று பதறும் தாயிடம், ‘ஒண்ணுமில்லீங்க, நேத்து கணக்கு நல்லாப் போட்டான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

நேரில் வரும் தந்தை பெரும்பாலும், ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்பார். அது அனுமதிச் சீட்டு ஆகாது. சட்டம் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கவில்லை. ‘அதெல்லாம் வேண்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல செல்போனை மட்டும் வாங்கி வச்சிருங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்’ என்று அவர் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளையை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு குறை சொல்ல வேண்டாம். வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால், எந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று இருமுறை யோசியுங்கள்.

நீங்களே தீர்க்கக் கூடாதவை

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியோடு இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும்: என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். அடிதடி, சாதியைச் சொல்லித் திட்டுதல், போதைப்பொருள், தொடர்ந்து வராமை ஆகியவற்றை அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவியுங்கள். சாதிப் பேச்சைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கக் கூடாது.

ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னாலோ, அப்படி ஐயம் எழுந்தாலோ, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம், பிற ஆசிரியர்களிடம் பேச வேண்டாம், ‘பள்ளியின் பெயர் கெடும்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய இரண்டையும் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் பார்வைக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள்.

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு

செப்டம்பர் தேர்வு முடிந்து விடுமுறை கழிந்து வரும் வகுப்பு, ஜூனில் பழக்கியவற்றில் பாதியை மறந்திருக்கும். அதைக் கண்டு சலிப்படையாமல், முதல் இரண்டு நாள் நோட்டு சேகரிப்பு, கை உயர்த்தும் குறி, வாசலருகே தொங்கும் அட்டை எல்லாவற்றையும் புதிதாகச் சொல்வதுபோல் மறுபடியும் செய்து காட்டுங்கள். இந்தச் சமயத்தில் சேர்ந்திருக்கும் புதிய பிள்ளைகள் யார் என்று பாருங்கள். கட்டட வேலைக்காகவோ செங்கல் சூளைக்காகவோ இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அக்டோபரில்தான் உங்கள் வகுப்பில் முதல் நாள். அவர் பக்கத்தில் பொறுமையான ஒருவரை அமர்த்தி, முதல் வாரம் பலகை மூலையில் உள்ள கட்டத்தைப் பார்த்து எழுதுவது எப்படி என்பதைப் பக்கத்தில் அமர்ந்தவரே சொல்லிக்கொடுக்கட்டும்.